முடியும் சார்

ஊனம் முப்பத்தாறு சதவீதம் என்று போட்டிருந்தது. நாற்பது இருந்தால்தான் மாதாமாதம் உதவித்தொகை. காகிதத்தை மகள் ஜெபா இரண்டு முறை படித்துக் காட்டிவிட்டாள். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னாள் சாராள். படிக்கப் படிக்க எண் ஏறிவிடுமா என்ன? ஏறவில்லை.

"நாலே நாலு," என்றாள் சாராள். "இத்தாம் பெரிய கவருமெண்டுக்கு நாலு சேத்து போட துப்பு இல்லாம பூட்ச்சா?"

"கத்தாதம்மா. பக்கத்து ஊட்ல கேக்குது."

"கேக்கட்டுமே. நான் இன்னா திருடிகினா வந்தேன்?"

பக்கத்து வீடு என்ன, அந்த வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். சிப்காட் தொழிற்பேட்டை மதில் சுவருக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அறுபது வீடுகள். அப்பன் பாட்டன் காலத்தில் இந்த ஆட்களெல்லாம் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டவர்கள். கழனி போய் கம்பெனி வந்ததும் கம்பெனிக்குள் போனார்கள். உருக்காலைப் புகை காற்றடிக்கும் பக்கமாகச் சாய்ந்து வந்து, கொடியில் காயும் துணியிலும் குடத்துத் தண்ணீரிலும் கரியாகப் படியும். வெள்ளைத் துணி உடுத்துவது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் இரண்டு மணி நேரம் மட்டும்தான்.

சாராள் அப்போதுதான் யார்டிலிருந்து வந்திருந்தாள். உலைக்குப் போகும் பழைய இரும்பைப் பிரிக்கிற யார்டு. மூடி திறக்காத டப்பா, வாயடைத்த குழாய் எதுவும் உலைக்குள் போய்விடக் கூடாது, போனால் வெடிக்கும். நாளெல்லாம் வெயிலில் குனிந்து அதையெல்லாம் பொறுக்கித் தனியே போடுவது அவள் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவளே மூடி திறக்காத டப்பா மாதிரிதான் இருப்பாள்.

அவள் புருஷன் ஆசீர்வாதம் வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ச்சிய கம்பி தடம் மாறி வெளியே பாய்ந்து அவன் கையையும் முட்டியையும் சுற்றிப் பிடித்தது. வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் சொன்னபடி கேட்கும், தோள் மேலே ஏறாது. இடது முட்டி பாதிதான் மடங்கும். அவன் பேரில் காண்ட்ராக்டர் இ.எஸ்.ஐ. காப்பீடு கட்டவே இல்லை என்பது அடிபட்ட அன்றுதான் தெரிந்தது. அடுத்த மாதம் அந்தக் காண்ட்ராக்டரே இல்லை, போர்டை மாற்றிக்கொண்டு வேறு பேரில் வந்துவிட்டான்.

மிச்சம் இருந்தது இந்த உதவித்தொகை ஒன்றுதான். ஜெபா பிளஸ் டூ பரீட்சை எழுதியிருந்தாள். லேப் டெக்னீஷியன் படிக்க வேண்டும் என்று ஆசை. உதவித்தொகை வந்தால் படிப்பாள். வராவிட்டால், விடியற்காலையில் தெரு முனைக்கு வந்து பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் கம்பெனி வேனில் ஏறுவாள். வேனுக்கு ஆள் பிடிக்கிறவன் இரண்டு தடவை வந்து பேர் கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

"இன்னாய்யா ஊமக்கோட்டான் மாதிரி குந்திகினு கீற? உனக்குத்தான்யா முப்பத்தாறு," என்றாள் சாராள்.

"போட்டது அவங்க. என்னிய ஏன் கேக்கற?" என்றான் ஆசீர்வாதம்.

காகிதத்தின் கடைசியில், ஒப்புக்கொள்ளாதவர்கள் தொண்ணூறு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. சாராள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போவதென்றால் மெட்ராஸ் வரை போய் வேறு வண்டி ஏறி வர வேண்டும். சொந்த மாவட்டத்தின் தலைநகருக்குப் போக அடுத்த ஊரைச் சுற்றி வரும்படி யாரோ ஒரு புண்ணியவான் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறான். அதனால் பெரியபாளையம் வழியாக பஸ். கத்திரி வெயிலில் ஜன்னல் கம்பி தொட்டால் சுட்டது. ஆசீர்வாதம் முட்டியை நீட்ட இடமில்லாமல் நடைபாதையில் காலை நீட்டி, ஏறுகிறவன் இறங்குகிறவனிடமெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தான். ஒவ்வொருவருக்கும் சாராள் பதில் திட்டு கொடுத்துக்கொண்டே வந்தாள்.

கலெக்டர் ஆபீசுக்கு வெளியே புங்கமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவர் சுப்பராயன். எங்கோ குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். அரசாங்கம் எழுதுவதைப் படிக்கத் தெரிந்தவர் என்று பேர். காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆசீர்வாதத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, இத்த நீங்க யாரும் படிக்கலியா? படி ஏற முடியும். பட்டன் போட முடியும். பத்து கிலோ தூக்க முடியும். பஸ்ல தனியா போக முடியும். எல்லாமே முடியும்னா இவரு எதுக்கு உதவித்தொகை வாங்கணும்? நாலு பேருக்கு இவரே குடுக்கலாமே."

"யாரு எழுதனது அந்தப் பொய்ய?" சாராளின் குரல் மரத்தில் இருந்த காக்கையைக் கிளப்பியது. "எந்த டாக்டரு? பேர சொல்லு."

"டாக்டரு கேட்டதுக்கு வந்தவரு சொன்ன பதிலும்மா. அவங்க ஒரு நாளைக்கு எத்தினி பேர பாக்கறாங்க? கேக்கறாங்க, டிக் அடிக்கறாங்க."

இரண்டு பேரும் ஆசீர்வாதத்தைப் பார்த்தார்கள்.

"நான்தான் சொன்னேன்," என்றான் ஆசீர்வாதம். "முடியுமான்னு கேட்டாங்க. முடியும்னேன்."

"பத்து கிலோ தூக்க முடியுமா உங்களால?" என்று கேட்டார் சுப்பராயன்.

"முடியும் சார்."

சுப்பராயன் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சிப்காட்டில் காண்ட்ராக்ட் ஆளுக்கு நாளைக்கு வேலை உண்டு என்று எந்த உறுதியும் கிடையாது. காலை ஆறே முக்காலுக்கு கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் வருவார். "உலைப் பக்கம் ஆள் கம்மி, நிக்க முடியுமா?" என்பார். "ரெண்டு ஷிப்ட் சேத்து பாக்க முடியுமா?" என்பார். பதில் ஒன்றுதான்: முடியும் சார். காய்ச்சல் அடித்தாலும் அதுதான், முந்தின நாள் தாயைப் புதைத்துவிட்டு வந்திருந்தாலும் அதுதான். முடியாது என்றவனை யாரும் திட்ட மாட்டார்கள். மறுநாள் அவன் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆசீர்வாதம் பத்தொன்பது வருஷம் அந்த வரிசையில் நின்றவன். மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து "முடியுமா" என்று கேட்டால், உடம்பு யோசிப்பதற்கு முன்னால் அவன் வாய் பதில் சொல்லிவிடும்.

மனு எழுதி, பழைய காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு ஜெராக்ஸ் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி எடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறும்போது மணி மூன்று. சாப்பிடவில்லை. பசியும் கோபமும் சேர்ந்தால் சாராளுக்கு ஊர் உலகம் தெரியாது.

"பத்து கிலோ தூக்குவியா நீ? சொல்லு. ரெண்டு வருசத்துல ஒரு கொடம் தண்ணி தூக்கிகீறியா?"

"மெதுவா பேசு. ஆளுங்க கீறாங்க."

"கீட்டும். பயில்வான் எங்கூட வந்துகீறான்னு எல்லாரும் பாக்கட்டும்."

"டாக்டரு எதிர்ல குந்திகினு முடியுமான்னு கேக்கறாரு. முடியாதுன்னா இன்னா நெனைப்பாரு?"

"முடியாதுன்னு நெனைப்பாரு! அத்துக்குத்தானேய்யா போனோம்!"

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். ஆசீர்வாதத்துக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டது.

"நீ மட்டும் இன்னாமே யோக்கியம்? டாக்டருகிட்ட போன அன்னிக்கி காலைல எனக்கு சேவிங் பண்ணி வுட்டது யாரு? கிறிஸ்மஸ் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டி வுட்டது யாரு? பெரிய டாக்டருங்க முன்னாடி மூஞ்சிய தொங்கப் போட்டுகினு நிக்காத, கேட்டா டக்கு டக்குன்னு பதில் சொல்லுன்னு சொன்னது யாரு? உங்கொப்பனா?"

சொன்னது சாராள்தான். பெரிய ஆட்கள் முன்னால் போய் நின்றால் சுத்தமாக, தைரியமாக நிற்க வேண்டும் என்பதுதான் அவளுக்கும் தெரிந்த ஒரே வழி. கோயில் கமிட்டிக்கும் அப்படித்தான் போவார்கள், கம்பெனி கேட்டுக்கும் அப்படித்தான்.

"பாஞ்சு நாளா பட்டன் போட பழகிகினேன், தெரியுமா உனக்கு?" என்றான் ஆசீர்வாதம். குரல் இறங்கிவிட்டது. "எடது கையால. நீ யார்டுக்கு போன அப்பால. மொத நாளு ஒரு பட்டன் போட அர மணி நேரம் ஆச்சி. அங்க போயி அவங்க எதிர்ல போட்டு காமிச்சேன். அஞ்சு பட்டனும். நல்லா செஞ்சா நல்ல மார்க்கு போடுவாங்கன்னு நெனச்சேன்மே."

அதற்கும் சேர்த்து அவளுக்கு அவன்மேல்தான் கோபம் வந்தது. "பெரிய கலெக்டர் பரீட்ச," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாமரைப்பாக்கம் தாண்டும்வரை திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து சாராள் டாக்டர் ஆனாள். யார்டு விட்டு வந்து, கை கால் கழுவி, கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் சாப்பிட்டு முடித்ததும் புருஷனை எதிரே உட்கார வைத்துக்கொள்வாள்.

"படி ஏற முடியுமா?"

"மெதுவா ஏறுவேன்."

"மெதுவா கிதுவால்லாம் கெடையாது. முடியாதுன்னு சொல்லு."

"ஏறத்தானேமே ஏறறேன். நின்னு நின்னு ஏறறேன். முழுசா முடியாதுன்னு சொன்னா பொய்யி இல்லியா? ஞாயித்துக்கெழம கோயில்ல எந்த மூஞ்சிய வெச்சிகினு நிக்கறது?"

"பத்தொம்பது வருசமா முடியாததுக்கெல்லாம் முடியும் முடியும்னியே, அப்போ எந்த மூஞ்சிய வெச்சிகினு நின்ன?"

ஆனாலும் அவன் வாய் வளையவில்லை. சட்டை போட முடியுமா என்றால் "போடுவேன்" என்பான். தனியாக பஸ்ஸில் போக முடியுமா என்றால் "முடி" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வான். சாராள் கரண்டியை எடுத்துத் தரையில் அடிப்பாள். ஒரு வாரம் இப்படிப் போனது. கடைசியில் ஒருநாள் அவன் மனதில் இருந்தது வெளியே வந்தது.

"அன்புசெல்வன் சாரு கேட்ல வாட்ச்மேன் போட்டு தரேன்னு சொல்லிகீறாருமே. இவனால ஒன்னும் முடியாதுன்னு கவருமெண்டே எழுதி குடுத்துச்சின்னா அப்பால எந்த கேட்ல என்ன சேப்பான்?"

"அந்த சூப்பர்வைசரு ரெண்டு வருசமா சொல்லிகினு கீறான். ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆரஞ்சி பழம் கூட எட்துகினு வராத கஸ்மாலம். அவன நம்பிகினு பொண்ண நடுத்தெருவுல வுடறியா?"

"வேலைக்கி போறவன்டி நான்! பிச்ச எட்க்கறவன் இல்ல!"

"அப்ப நான் பிச்ச எட்க்க சொல்றேனா? வாய தொறந்து உள்ளத சொல்லுன்னா அது பிச்சயா?"

உள்ளே புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி இருந்த ஜெபா எழுந்து வந்தாள்.

"வுடும்மா. நைனாவ ஒன்னும் சொல்லாத. வேன்காரருகிட்ட என் பேர குட்துட்டேன். ஒன்னாந்தேதிலேர்ந்து வர சொல்லிகீறாரு. இனிமே ரெண்டு பேரும் பேஜாரு பண்ணாதீங்க."

சாராள் கரண்டியை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. ஜெபா நகரவில்லை. அடித்தால் அடித்துக்கொள் என்பதுபோல நின்றாள். அழுகிறவளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் அழவும் இல்லை.

"சாராளு," என்றான் ஆசீர்வாதம். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கேளு."

"இன்னா?"

"கேளுமே. டாக்டரு மாதிரி கேளு."

"படி ஏற முடியுமா?"

"முடியாது," என்றான் சுவரைப் பார்த்து. அடுத்ததையும் அதற்கு அடுத்ததையும் அவள் கேட்டாள். எல்லாவற்றுக்கும் முடியாது என்றான். நன்றாகவே சொன்னான்.

மேல்முறையீட்டுக்குக் கூப்பிட்ட அன்றைக்கு சாராள் அவனுக்கு ஷேவிங் பண்ணவில்லை. நாலு நாள் தாடி. மில்லுக்குப் போட்டுக்கொண்டு போன பழைய நீலச் சட்டை. "பிச்சக்காரன் மாதிரி கீது," என்றான். "இருக்கட்டும்," என்றாள். ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்ற பியூன் பேஷண்ட் மட்டும்தான் உள்ளே என்றான். சாராள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தள்ளிப் போகச் சொன்ன பியூனைப் பார்த்த பார்வையில் அவன் வேறு வேலை பார்க்கப் போய்விட்டான்.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த டாக்டரம்மா பழைய காகிதத்தையும் புது மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"படி ஏற முடியுமா?"

ஆசீர்வாதத்தின் வாய் திறந்தது.

"முடியாது மேடம்."

"பத்து கிலோ தூக்க?"

"முடியாது."

"சட்டைப் பட்டன் போட?"

"முடியாது மேடம்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "போன தடவை எல்லாம் முடியும்னு சொல்லியிருக்கீங்க. இந்தத் தடவை எல்லாம் முடியாதா? எது பொய்?"

ஆசீர்வாதம் தரையைப் பார்த்தான். பத்தொன்பது வருஷத்தில் எந்த சூப்பர்வைசரும் அவனைப் பொய்யன் என்று சொன்னதில்லை. பக்கத்தில் இருந்த டாக்டர், "சரி, சட்டையைக் கழட்டுங்க, தோளைப் பாக்கணும்," என்றார்.

இடது கை தானாக எழுந்து மேல் பட்டனுக்குப் போனது. பதினைந்து நாள் பழகிய கை. பட்டனைத் தொட்ட விரல் அங்கேயே நின்றது. பிறகு கையைக் கீழே இறக்கினான்.

"முடியாது சார்."

"கூட வந்தது யாரு? உள்ள வாங்க," என்றார் டாக்டரம்மா.

சாராள் போய் அவன் எதிரே நின்று பட்டன்களைக் கழற்றினாள். அவள் விரல் நகத்தில் இருந்த இரும்புத்துரு நீலச் சட்டையில் ஒட்டியது. அவன் அவள் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்து தாடிக்குள் இறங்கியது. கட்டியவள் இத்தனை பேருக்கு நடுவே சின்னப் பிள்ளைக்குக் கழற்றுவதுபோலத் தன் சட்டையைக் கழற்றுகிறாள் என்ற அவமானம் அது. அவளுக்கும் தெரிந்தது. நாலு வேண்டும், நாலு மட்டும் வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கழற்றினாள்.

டாக்டர்கள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்கள். தோளைத் தூக்கிப் பார்த்தார்கள். முட்டியில் கோணம் பார்க்கும் கருவியை வைத்து அளந்தார்கள். "போன தடவை இந்த முட்டியை அளந்த மாதிரியே தெரியலையே," என்றார் ஒருவர்.

நாற்பத்தெட்டு போட்டார்கள்.

ஆனி மாதம் ஊனமுற்றோர் அட்டை வந்தது. அதற்கு அடுத்து உதவித்தொகை வந்தது. ஒன்றாம் தேதி வந்த வேன் தெரு முனையில் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. ஜெபா காலேஜில் சேர்ந்தாள். சாராள் மீன் விற்கும் ஆரம்பாக்கத்துக்காரியிடம் எறா வாங்கிக் குழம்பு வைத்து, கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் நாற்பத்தெட்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆசீர்வாதம் சண்டை போடவில்லை. அதுதான் முதலில் அவளுக்கு உறைக்கவில்லை. டீக்கடை வரைக்கும் போய் வாய்யா என்றால், முடியாது என்றான். கோயிலில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது உட்கார்ந்தே இருந்தான். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், ஒருநாள் ஸ்பூனை வைத்துவிட்டு, ஊட்டிவிடு என்பதுபோல அவளைப் பார்த்தான். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, முன்பக்கம் திறந்தபடி அவள் எதிரே வந்து நிற்பான். தன்மேல் உள்ள வன்மத்தில் செய்கிறான் என்று நினைத்து அவள் வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஒரு வார்த்தை திரும்பி வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கிளம்பும் நேரம், அன்புசெல்வன் வந்தான். பைக்கிலிருந்து இறங்காமல் வாசலிலேயே பேசினான்.

"ஆசீர்வாதம், பகல் கேட்டுக்கு ஆள் வேணும்பா. சேர்ல குந்திகினு லாரி வந்தா தொறந்து வுடணும், அவ்ளோதான். உனக்குத்தான் கவருமெண்டு வேற குடுக்குதே, காண்ட்ராக்டரு கொஞ்சம் கம்மியாத்தான் தருவாரு. நாளைலேர்ந்து வர முடியுமா?"

சாராள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அந்த ஆள்மேல் எத்தனை கோபம் இருந்தாலும், இரண்டு வருஷமாக அவள் புருஷன் காத்துக்கொண்டிருந்த கேள்வி அது. பதில் வரும் என்று காத்திருந்தாள்.

"முடியாது சார்," என்றான் ஆசீர்வாதம்.

இழுக்கவில்லை, திக்கவில்லை. அன்புசெல்வன் தோளைக் குலுக்கிவிட்டு பைக்கைத் திருப்பினான்.

"இன்னாய்யா சொன்ன?" சாராள் மீன் சட்டியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "சேர்ல குந்தறதுக்குக் கூடவா முடியாது? டீக்கடகிட்டத்தான் போயிகினு கீறான், கூப்டு அவன! கூப்டுய்யா! முடியும்னு சொல்லு!"

அறுபது வீட்டுக்கும் கேட்டது. அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குப் பயம் வந்திருக்காது.

"எத்த சொல்லணும்னு நீயே சொல்லிடு சாராளு," என்றான். "அத்த சொல்லிடறேன்."

சட்டை திறந்து கிடந்தது. கிறிஸ்மஸுக்கு எடுத்த அதே வெள்ளைச் சட்டை. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவன் எதிரே வந்து நின்றாள். இடது கையைப் பார்த்தாள். அது பக்கத்தில் தொங்கியது. அசையக்கூட இல்லை. கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். நான்காவது பட்டனில் அவள் விரல் நின்றது.

"உன்னால முடியும்யா," என்றாள். பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும் அத்தனை மெதுவாகப் பேசியதில்லை.

அவன் முகவாயை மேலே தூக்கிக் காட்டினான், கழுத்துப் பட்டனுக்கு.